தெரியுது சார்

“புரிஞ்சுதா?” என்று பிள்ளைகளிடம் கேட்பது வீண் வேலை. வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் “புரிஞ்சுது டீச்சர்” என்று பாடும். அந்தக் குரலுக்கும் பாடத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு பதில் வந்துவிடும், அவ்வளவுதான். மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே இதைத் தெரிந்துகொண்டேன். ஓய்வு பெறும்வரை அந்தக் கேள்வியை நான் மறுபடி கேட்கவில்லை. கரும்பலகைக்குக் கூப்பிட்டு, சாக்பீஸைக் கையில் கொடுத்து, போடு என்பேன். போட்டால் புரிந்தது. விழித்தால் புரியவில்லை.

இவ்வளவு சின்ன விஷயம் ஒரு டாக்டருக்குத் தெரியாமல் போனதால் என் வீட்டுக்காரரின் இடது காலில் இரண்டு விரல் போயிற்று. கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்களேன் என்று என் தங்கை உட்பட எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு நிதானம் வராது. வேண்டுமானால் அவர்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். இளம் வயதில் போய், தலை நரைக்கத் தொடங்கியபோது திரும்பி வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் செக்யூரிட்டி வேலைக்குப் போய்விட்டார். கருப்பு பூட்ஸ் போட்டுக்கொண்டு காலை முதல் இரவு வரை நின்றபடியே கண்ணாடிக் கதவைத் திறந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சல்யூட் அடிக்க வேண்டும். அந்தச் சல்யூட்டுக்காகவே அந்தக் கடையில் மிலிட்டரிக்காரர்களாகப் பார்த்து எடுப்பார்கள். வேண்டாம் என்று நான் சொல்லாத நாள் இல்லை. “உக்காந்துகினா நான் செத்துப்பூடுவேன் டீச்சரம்மா” என்பார். கோபம் வந்தாலும் குஷி வந்தாலும் நான் அவருக்கு டீச்சரம்மாதான்.

எங்கள் இருவருக்குமே சர்க்கரை இருக்கிறது. எனக்கு வந்ததும் நான் அடையாறில் ஒரு டாக்டரைப் பிடித்துக்கொண்டேன். சொன்னதைச் செய்கிறேன், மாத்திரை போடுகிறேன், வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணையும் காலையும் காட்டிவிட்டு வருகிறேன். அவர் அப்படி இல்லை. அவருக்குச் சர்க்கரை என்பது ஒரு வியாதி அல்ல. யாரோ மேலிடத்தில் அவர் பெயருக்கு எதிரே எழுதிவிட்ட ஒரு கெட்ட குறிப்பு. எப்படியாவது அழித்துவிட வேண்டும்.

இது ராணுவத்தில் பிடித்த பழக்கம். அங்கே வருஷா வருஷம் உடம்பைப் பரிசோதிப்பார்கள். எந்தக் குறையும் இல்லாதவன் “ஷேப் ஒன்”. ஏதாவது ஒரு குறை வெளியே தெரிந்துவிட்டால் கேட்டகரி இறங்கிவிடும். கேட்டகரி இறங்கினால் பதவி உயர்வு சிக்கிக்கொள்ளும், கூட இருப்பவன் ஒரு மாதிரி பார்ப்பான். அதனால் முட்டி வலி, காது மந்தம், படபடப்பு என்று எதுவானாலும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு போய் நிற்பார்கள். அங்கே அதற்கு ஒரு காரணம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். இங்கே, கோட்டூர்புரத்தில், மூன்றாவது மாடி ஹவுசிங் போர்டு வீட்டில், அறுபது தாண்டிய மனிதருக்கு யார் பதவி உயர்வு கொடுக்கப் போகிறார்கள்? ஆனால் ரத்தப் பரிசோதனை என்று ஒரு தேதி குறித்துவிட்டால் போதும், சில நாள் முன்பிருந்தே சோற்றைத் தொட மாட்டார். பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணீர், விடிவதற்குள் நூலகம் வரை போய்த் திரும்பும் வேக நடை. பரிசோதனை முடிந்த அன்றே திருவான்மியூர் கடற்கரையில் மிளகாய் பஜ்ஜி. “பாஸாயிட்டேன்” என்பார். யாரை ஏமாற்றினீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்.

போன வருஷம் முன்னாள் ராணுவத்தார் சங்கம் ஒன்று மயிலாப்பூரில் முகாம் வைத்தது. சர்க்கரைக்கும், அதனால் கண், சிறுநீரகம், கால் என்று வருகிற பாதிப்புகளுக்கும் பரிசோதனை. என் டாக்டரிடம் வாருங்கள் என்று நான் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன், வர மாட்டார். இதற்கு மட்டும் பூட்ஸைப் பாலிஷ் போட்டு வைத்துவிட்டார். “எங்க ஆளுங்க நடத்துறது. அங்க எல்லாம் பக்காவா இருக்கும்” என்றார். சில நாளாகக் கால் மதமதவென்று இருப்பதாக அவர் தூக்கக் கலக்கத்தில் ஒரு தடவை உளறியதை நான் கேட்டிருந்தேன். காலையில் கேட்டபோது, அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்துவிட்டார். அந்தக் காலைப் பார்க்கவாவது பார்ப்பார்களே என்ற ஆசையில் நானும் கூடவே கிளம்பினேன்.

முகாம் நடந்தது மாடவீதிக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபத்தில். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் கிழவர்கள், எல்லோரும் சர்க்கரைக்காரர்கள், எல்லோரும் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றார்கள். வராதவர் சிறப்பு விருந்தினர் மட்டும்தான். அவர் வந்து குத்துவிளக்கு ஏற்றினால்தான் முகாம் தொடங்குமாம். ஊசியும் பஞ்சும் மேஜை மேல் காத்திருக்க, பசியோடு அத்தனை பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன்வரிசையில் ஒருவருக்குச் சட்டை முதுகோடு ஒட்டுகிற அளவுக்கு வேர்த்துக்கொட்டியது, கை நடுங்கியது. பைக்குள் எப்போதும் வைத்திருக்கும் ஆரஞ்சு மிட்டாயைப் பிரித்து அவர் வாயில் போட்டேன். மார்பில் ரோஜா குத்திய சங்கத்துக்காரர் ஒருவர் ஓடி வந்தார்.

“அம்மா, டெஸ்ட்டுக்கு முன்னாடி ஸ்வீட் குடுக்கக் கூடாதும்மா. ரீடிங் தப்பாயிடும்.”

“ஆள் போயிட்டா ரீடிங்கை வெச்சு என்ன சார் பண்ணுவீங்க?” என்றேன்.

என் வீட்டுக்காரர் என் புடவை முந்தானையை இழுத்தார். “சும்மா இரேன். மானத்தை வாங்காத.”

ஒருவழியாக விளக்கேற்றி, எல்லோருக்கும் சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து முடித்தார்கள். ரத்தம் எடுத்த பிறகு ஆளுக்கொரு டிபன் பொட்டலம். பிரித்துப் பார்த்தேன். பொங்கல், வடை, மூலையில் நெய் சொட்டும் கேசரி. சர்க்கரை முகாமில் கேசரி போடுகிற மூளை நம் ஊரைத் தவிர வேறெங்கும் கிடைக்காது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே அதைச் சாப்பிட்டார்.

அடுத்தது கண். ‘மணமகன் அறை’ என்று போர்டு மாட்டிய அறைக்குள் எழுத்து அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். சர்க்கரைக்குக் கண்ணுக்குள் சொட்டு மருந்து விட்டு, பின்பக்கம் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். எனக்கு அப்படித்தான் பார்ப்பார்கள். இங்கே அட்டையை வாசிக்கச் சொன்னதோடு சரி. அதிலாவது ஒழுங்காக இருந்தார்களா? வாசலில் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தேன். உள்ளே போய்விட்டு வருகிற ஒவ்வொருவரும் வாயோரமாக எதையோ முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். திருவான்மியூரில் இருந்து வந்திருந்த இவருடைய பழைய சிநேகிதர், பட்டாளத்தில் லாரி ஓட்டியவர், வெளியே வந்ததும் இவர் காதில் சொன்னார்.

“மச்சி, கடைசி லைன் மனப்பாடம் பண்ணிக்கோ. எஃப், டி, பி, எல். அப்புறம் இன்னாவோ ஒண்ணு, ஓ மாதிரி கீது.”

“ஓ-வா, சி-யா?”

“ஓ-ன்னே அடிச்சு உடு நைனா.”

இவர் உதடு அசைய உருப்போட்டார். உள்ளே போனார். கடைசி வரியைக் கணீரென்று சொன்னது வெளியே எனக்குக் கேட்டது. வெளியே வந்து பின்னால் நின்றவருக்கு அதையே சொல்லிக்கொடுத்தார். என் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் பையன்கள் காப்பி அடித்தால் காதைத் திருகுவேன். பேரன் பேத்தி எடுத்த இந்தப் பிள்ளைகளின் காதை யார் திருகுவது? கண் போவது அவர்கள் கண், அதைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று கூட்டாகக் காவல் காக்கிறார்கள். சிரிப்புத்தான் வந்தது முதலில். அப்புறம் வயிறு எரிந்தது.

கடைசியில் கால். அதற்கு ‘மணமகள் அறை’. பரிசோதித்தவர் ராணுவத்தில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்ற கர்னல். வெள்ளை மீசை, நல்ல மனிதர், சம்பளம் வாங்காமல் வந்திருந்தார். இதையெல்லாம் சொல்லிவிடுகிறேன், பிற்பாடு நான் நியாயம் இல்லாதவள் என்று யாரும் சொல்ல வேண்டாம். கூட வந்தவள் என்பதால் என்னையும் உள்ளே விட்டார்கள். என் வீட்டுக்காரர் பூட்ஸைக் கழற்றி, கட்டில் மேல் ஏறிக் காலை நீட்டினார். படுத்திருக்கும்போதும் அட்டென்ஷன்தான்.

கர்னல் கையில் ஒரு பிடி, அதன் நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. எனக்குத் தெரிந்த சாமான்தான், சர்க்கரையால் காலில் உணர்ச்சி போயிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது. அடையாறில் என் காலைப் பார்க்கிற பெண் கண்ணை மூடச் சொல்வாள், பிறகு வாயே திறக்க மாட்டாள். “நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். எங்க தொட்டாலும் நீங்களா சொல்லணும்” என்பாள். அவள் தொட்டாளா இல்லையா என்று காதை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

கர்னலும் கண்ணை மூடச் சொன்னார். இவர் மூடினார். கர்னல் இழையைக் கட்டை விரலில் வைத்து, “தெரியுதா?” என்றார்.

“தெரியுது சார்.”

“தெரியுதா?”

“தெரியுது சார்.”

பாதத்தில் ஒவ்வொரு இடமாக இழை நகர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு “தெரியுதா”, ஒவ்வொன்றுக்கும் ஒரு “தெரியுது சார்”. எனக்கு வகுப்பறை ஞாபகம் வந்துவிட்டது. பதில் காலில் இருந்து வரவில்லை, காதில் இருந்து வருகிறது. போதாக்குறைக்கு நம் தமிழும் இவருக்குத் துணை போயிற்று. தெரிவது கண்ணுக்கும் தெரிவதுதான், காலுக்கும் தெரிவதுதான், புத்திக்கும் தெரிவதுதான். நீங்கள் கேட்பது எனக்குத் தெரிகிறது சார். அது பொய் இல்லையே!

இடது காலுக்கு வந்தபோது யாரோ கதவைத் திறந்து கர்னலைக் கூப்பிட்டார்கள். சிறப்பு விருந்தினர் கிளம்புகிறாராம். கர்னல் தலையைத் திருப்பி “ரெண்டு நிமிஷம்” என்றார். இழை காலில் இருந்து விலகி அந்தரத்தில் நின்றது. அப்படியே, பழக்கத்தில், “தெரியுதா?” என்று கேட்டார்.

“தெரியுது சார்!”

என் காதால் கேட்டேன், என் கண்ணால் பார்த்தேன். இழைக்கும் காலுக்கும் நடுவே ஒரு ஜாண் இடைவெளி.

“சார், நீங்க தொடவே இல்லையே சார்” என்றேன்.

கர்னல் இழையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், சிரித்தார். “வைஃப் ரொம்ப ஸ்ட்ரிக்ட் போல?” என்று அவரைக் கேட்டார்.

“டீச்சர் சார்” என்றார் இவர், ஏதோ எனக்குள்ள ஊனத்தைச் சொல்வதுபோல. இரண்டு ஆண்களும் சேர்ந்து சிரித்தார்கள். கர்னல் மிச்ச இடங்களை வேகமாகத் தொட்டு முடித்து, ‘நார்மல்’ என்று எழுதி, தோளில் தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

ஆட்டோவில் வந்து இறங்கினோம். வீட்டு மாடிப்படி ஏறும்போதுதான் வாய் திறந்தார். “ஒரு கர்னல் முன்னாடி இப்படியா பேசுவ? நான் மூஞ்சை எங்க கொண்டுபோய் வெச்சுக்கிறது?”

“தெரியாததைத் தெரியுதுன்னு ஏன் சொன்னீங்க?”

“ஆபீசர் கேக்கும்போது இல்லைன்னு எப்படி சொல்றது?”

வீட்டில் புலி, வெளியில் எலி என்பது இதுதான். எனக்கு ‘இல்லை’ சொல்லியே வாழ்ந்த மனிதர், நட்சத்திரம் கழற்றிப் பல வருஷம் ஆன ஒருவருக்கு ஒரு ‘இல்லை’ சொல்லத் துப்பில்லை. என் டாக்டரிடம் வாருங்கள் என்று அன்றைக்கும் கெஞ்சினேன். நார்மல் என்று எழுதிய காகிதத்தை மாத்திரை டப்பாவுக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டு, மறுநாள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு தி.நகர் போய்விட்டார்.

தீபாவளி வந்தது. தி.நகரில் தீபாவளிக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதவைத் திறந்து மூடி மாளாது. ஒரு நாள் இரவு வந்து நாற்காலியில் சாய்ந்தவரின் இடது சாக்ஸில், முன்பாதம் இருக்கும் இடத்தில், ஈரமாக ஒரு கறை இருந்தது. தண்ணீரில் மிதித்திருப்பார் என்று நினைத்துக் கழற்றினேன். சாக்ஸ் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால், விரல்களுக்குக் கீழே சதையில் ஒரு குண்டூசித் தலை. புதுச் சட்டைகளைப் பெட்டியில் மடித்துக் குத்தி வைப்பார்களே, அந்த ஊசி. கடையில் சாப்பிடப் போகும்போது பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறும் சாக்ஸோடு நடப்பாராம். அங்கே ஏறியிருக்கிறது. அதற்கு மேல் பூட்ஸை மாட்டிக்கொண்டு, அந்த ஊசி மேலேயே நாள் முழுக்க நின்று, ஊருக்கெல்லாம் சல்யூட் அடித்துவிட்டு வந்திருக்கிறார்.

“இன்னா அப்படிப் பாக்குற?” என்றார். அவர் கையில் காபி டம்ளர். நான் ஊசியைப் பிடுங்கினேன். ஒரு வாய் காபி குடித்தார்.

நான் அலறினேன். உள்ளபடியே அலறினேன், பக்கத்து வீட்டில் கதவைத் திறந்து கேட்டார்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். “வலியே இல்ல, இதுக்குப் போய் ஆஸ்பத்திரியா? மஞ்சள் வெச்சா சரியாப்பூடும்” என்றார். சுவரில் ஒட்டிய காகிதத்தைக் காட்டினார். “நார்மல்னு கர்னலே போட்டுக்கீறாரு பாரு.” மறுநாளும் வேலைக்குப் போனார். தீபாவளிக் கூட்டத்தில் லீவு போட்டால் கடைக்காரருக்கு என்ன பதில் சொல்வதாம்! என் பேச்சைக் கேட்டு அவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. குளிர் காய்ச்சல் வந்து, விரல் கருத்து, வாடை வீசத் தொடங்கிய பிறகு, நானும் சிநேகிதரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூன்று மாடி இறக்கித்தான் கொண்டுபோனோம்.

இரண்டு விரலை எடுத்தார்கள். அறுவை செய்த டாக்டர், இளம் பெண், என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். “இந்தக் காலைக் காப்பாத்திட்டோம். ஆனா அந்தக் காலுக்கும் உணர்ச்சி போயிருக்கும்னுதான் நினைக்கிறேன். கேட்டா தெரியுது தெரியுதுன்னே சொல்றார். பழைய மாதிரி பூட்ஸ் போட்டு நின்னார்னா, அடுத்தது அதுதான். அவருக்கே புரியணும்மா.”

புரியணுமாம். புண் ஆறத் தொடங்கியதும் இவர் பேசிய முதல் பேச்சு, பொங்கலுக்குள் வேலைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதுதான். “வலது கால் ஸ்ட்ராங்காத்தானே கீது? அதுல வெயிட்டு போட்டு நிப்பேன்.” மிச்சம் இருக்கும் ஒரு காலையும் எடுத்துக்கொண்டுபோய் அதே கதவில் நிறுத்தப் போகிறார். கத்திப் பார்த்தேன், அழுது பார்த்தேன், பூட்ஸை ஒளித்து வைத்தேன். கட்டிலுக்கு அடியில் இருந்து அதைத் தேடி எடுத்து, உட்கார்ந்தபடியே பாலிஷ் போட்டார். அன்று நான் சமைக்கவில்லை.

அந்த வாரம்தான் கர்னல் வந்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். சிநேகிதர் சொல்லித் தகவல் போயிருக்கிறது. மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க, கையில் சர்க்கரை இல்லாத பிஸ்கட் பொட்டலத்தோடு வாசலில் நின்றார். இவர் கட்டுப்போட்ட காலோடு எழுந்து நிற்கப் பார்த்தார். “உக்காரு, உக்காரு” என்று கர்னலே தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

“இப்ப எப்படி இருக்கு? வலி இருக்கா?”

“வலியே தெரியல சார்!”

“சபாஷ்! அதான் ஜவான்கிறது” என்று கர்னல் முதுகில் தட்டினார். இவர் முகம் விளக்குப் போட்டதுபோல் மலர்ந்தது.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. “அது வீரம் இல்ல சார், அதான் வியாதி” என்றேன். “ஊசி ஏறினதும் தெரியல, அழுகினதும் தெரியல. அதுக்குப் போய் சபாஷ் சொல்றீங்களே!”

“டீச்சரம்மா, நீ உள்ள போ” என்றார் இவர்.

“போக மாட்டேன். இது என் வீடு.”

கர்னல் கையமர்த்தினார். “பேசட்டும். சொல்லுங்கம்மா.”

“அன்னிக்கு நீங்க தொடாமலே தெரியுதான்னு கேட்டீங்க. இவர் தெரியுதுன்னார். நான் சொன்னேன். சிரிச்சீங்க.”

கர்னலின் முகம் மாறியது. ஆனாலும் சொன்னார், “அவரேதானேம்மா தெரியுதுன்னு சொன்னார்?”

“ஆமா சார், நான்தான் சொன்னேன். என் மிஸ்டேக்தான் சார்” என்று இவர் முந்திக்கொண்டார். கட்டுப்போட்ட கால் முக்காலி மேல் இருக்க, இடுப்புக்கு மேலே அட்டென்ஷன். எனக்கு அந்த நிமிஷம் யார் மேல் அதிகக் கோபம் என்று கேட்டால் இவர் மேல்தான். அதற்கு அடுத்தபடி, இந்த மனிதரை இப்படிப் பழக்கிய அத்தனை பேர் மேலும்.

“சார், பொங்கலுக்குள்ள வேலைக்குப் போறேன்னு சொல்றார். வலது கால் நல்லா இருக்குன்னு சொல்றார். நான் சொன்னா கேக்க மாட்டார், நீங்க சொன்னா கேப்பார். இப்ப, இங்கயே, அந்தக் காலைப் பாருங்க. ஆனா தெரியுதான்னு ஒரு வார்த்தை நீங்க கேக்கக் கூடாது.”

“என்கிட்ட அந்த இழை இல்லையேம்மா” என்றார் கர்னல்.

சமையலறையில் புதுத் துடைப்பம் இருந்தது. ஓர் ஈர்க்குச்சியை உருவி, மெல்லிய பக்கத்தைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு கர்னல் கையில் துடைப்பக் குச்சியைக் கொடுத்தேன் என்று பின்னால் ஒரு நாள் சண்டை வரும், வரட்டும். கர்னல் அதை வாங்கிக்கொண்டார். நாற்காலியை ஒதுக்கிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். இவர் பதறிப்போய் வலது காலை இழுத்துக்கொண்டார்.

“சார், நீங்க போய்க் கீழ உக்காந்துகினு... வேணாம் சார்.”

“கண்ணை மூடு” என்றார் கர்னல். “நான் தொட்டதும் நீயே சொல்லணும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

“எஸ் சார்.”

கண்ணை மூடிக்கொண்டார். கையிரண்டும் தொடை மேல். காலை நீட்டி, முகத்தைச் சற்றே தூக்கி, அடுத்த உத்தரவுக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தார். கர்னல் குச்சியின் நுனியைக் கட்டை விரலின் அடியில் வைத்து அழுத்தினார். சுண்டு விரலுக்குக் கீழே வைத்தார். முன்பாதத்தின் நடுவில் வைத்தார். கீழே தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றது, குடங்கள் மோதின. இவர் வாயே திறக்கவில்லை. கர்னல் என்னைப் பார்த்தார், நான் பதில் பார்வை பார்க்கவில்லை. மறுபடி கட்டை விரலுக்கே போய், குச்சி வளைகிற அளவுக்கு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“நான் ரெடி சார்” என்றார் என் வீட்டுக்காரர், கண்ணைத் திறக்காமல், மரியாதையாக. “நீங்க ஆரம்பிக்கலாம் சார்.”

கர்னல் குச்சியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன். “கண்ணைத் திறங்க.”

திறந்தார். குனிந்து தன் காலைப் பார்த்தார். குச்சி சதையில் அழுந்தி, சுற்றிலும் வெளுத்திருந்தது. என் மேல் பாய்வார் என்று நினைத்தேன். அதற்கும் தயாராகத்தான் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கர்னலை நேராகப் பார்த்தார்.

“எவ்ளோ நேரமா?” என்று கேட்டார். சார் போடவில்லை.